சேவையகத்தில் ஜாவாஸ்கிரிப்ட்: தொடக்கக் கல்வி பற்றிய ஒரு திறனாய்வு

கணினி நிரலாக்கம் பயிலப் புகுவோர்க்கு இன்று கூறப்படும் அறிவுரைகளுள் ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழி ஒன்றனையே கற்றால் வலைத்தளத்தின் முன்புறம், பின்புறம் ஆகிய இரண்டையும் ஆளலாம் என்பதாகும். முன்புறமாவது, காண்போரது உலாவியில் தோன்றும் பக்கம். பின்புறமாவது, அப்பக்கத்தை ஆக்கி அனுப்பும் சேவையகம். இரு புறத்துக்கும் ஒரு மொழி போதும் என்னும் கூற்று கேட்போர்க்கு இனிமை தருவது. ஓரளவிற்கு உண்மையும் ஆம். எனினும், அதன்கண் உண்மை எத்துணை, மயக்கம் எத்துணை எனப் பகுத்துணராது தொடங்கும் மாணவர், மொழியை அறிந்தும் களத்தை அறியாதவர் ஆகின்றனர். மொழி ஒன்றாயினும் களம் வேறு. தொடக்கக் கல்வி கற்பிக்கவேண்டுவது களத்தையே. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஜாவாஸ்கிரிப்ட் 1995 ஆம் ஆண்டு மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிறெண்டன் ஐக் என்பவராற் பத்து நாட்களில் உருவாக்கப்பட்டது. உலாவியினுள் நின்று சிறு தொழில்களைச் செய்வதே அதற்கு முதலில் விதிக்கப்பட்ட பணி. அதனைச் சேவையகத்தில் இயக்கும் எண்ணம் அண்மைக் காலத்தது எனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. நெற்ஸ்கேப் நிறுவனமே லைவ்வயர் என்னும் கருவி வாயிலாக அம்மொழியைச் சேவையகத்திலும் இயக்கியது. மைக்ரோசொப்ற் நிறுவனமும் 1996 இல் தன் சேவையகத்தில் அதற்கு இடமளித்தது. அம்முயற்சிகள் வேரூன்றவில்லை. பின்னர், 2008 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் கூகிள் நிறுவனம் தனது குரோம் உலாவியை வெளியிட்டபோது, வீ-8 என்னும் இயந்திரத்தையும் உடன் வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி மிக விரைவாக இயக்கவல்லது அது. றயன் டால் என்பவர் அவ்வியந்திரத்தை உலாவியினின்றும் பிரித்தெடுத்து, கோப்புகளையும் வலைப்பின்னலையும் கையாளும் ஆற்றலை அதனோடு சேர்த்து, நோட் என்னும் இயக்குதளத்தை 2009 இல் ஆக்கினார். அவ்வாண்டு நவெம்பரில் பேர்லின் நகரில் நடந்த மாநாடொன்றில் அதனை விளக்கிக் காட்டினார்.

ஈண்டு ஒரு வினா எழும். மொழிகள் பல இருப்ப, அவர் ஜாவாஸ்கிரிப்டைத் தெரிந்தது எற்றுக்கு? இரு புறத்துக்கும் ஒரு மொழி என்னும் வசதி கருதியன்று. காத்திருத்தல் பற்றிய பழக்கம் அம்மொழியில் ஏறியிருக்கவில்லை என்பதே காரணம். பிற மொழிகளிற் கோப்பொன்றைப் படிக்குமாறு பணித்தால், அது படித்து முடியுமட்டும் நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடும். அப்பழக்கத்தைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான நூலகங்கள் அம்மொழிகளில் எழுதப்பட்டுவிட்டன. ஜாவாஸ்கிரிப்டுக்கோ கோப்பைப் படிக்கும் வழி எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. பொத்தான் அழுத்தப்பட்டால் இதனைச் செய்க என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் முறை மட்டுமே அதற்குப் பழக்கமானது. ஒரு சேவையகம் ஒரே வேளையிற் பத்தாயிரம் தொடர்புகளை யாங்ஙனம் தாங்கும் என்னும் சிக்கலை 1999 இல் டான் கெகல் என்பார் எழுதிப் பரப்பியிருந்தார். அச்சிக்கலுக்கு ஏற்ற மொழியாக டால் கண்டது, காத்திருக்கும் வழக்கமில்லாத இம்மொழியையே. ஆகவே, நோட் தோன்றிய காரணம் வேறு. தொடக்க நூல்கள் அதனைப் புகழும் காரணம் வேறு. இவ்வேறுபாடு சிறிதன்று. பின்வரும் இடர்களுட் பல இதன்கண்ணே பிறக்கின்றன.

நோட் இயங்கும் முறையை அடுக்களை ஒன்றனைக் கொண்டு விளக்கலாம். தனியே சமைக்கும் ஒருவர் உலையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதிக்குமட்டும் அதனையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. காய் அரிகின்றார், அரிசி களைகின்றார், உலை கொதிக்கும் ஒலி கேட்டதும் திரும்பிவந்து அரிசியை இடுகின்றார். ஆள் ஒருவரே, ஆயினும் மூன்று அடுப்புகள் எரிகின்றன. நோட்டின் நடுவில் உள்ள நிகழ்வுச் சுழற்சி இத்தகையது. வலைப்பின்னலிற் செய்தி வந்து சேருமட்டும் காத்திருக்கும் பொறுப்பைக் கணினியின் பணிசெயல் முறைமை ஏற்கின்றது. கோப்புகளைப் படித்தல் முதலியவற்றுக்கு உள்ளே துணை இழைகள் சில உள. வேறு விதியாவிடில் அவை நான்கு. மாணவர் எழுதும் நிரல் மட்டும் ஒரே இழையில் ஓடுகின்றது. காத்திருத்தல் மிகுந்தும் கணித்தல் குறைந்தும் உள்ள தொழிலுக்கு இம்முறை மிகப் பொருந்தும். வலைத்தளங்களின் தொழில் பெரும்பாலும் அத்தகையதே.

இதன் குறையும் அவ்வடுக்களையிலேயே காணப்படும். அம்மியிற் சம்பல் அரைக்கத் தொடங்கியவர் இடையில் எழ இயலாதவராயின், உலை பொங்கி வழியும். நிரலில் ஓரிடத்தில் நீண்ட கணிப்பொன்று நிகழுமாயின், அல்லது பெருங்கோப்பொன்று காத்திருக்கும் முறையிற் படிக்கப்படுமாயின், அது முடியுமட்டும் வேறெவர்க்கும் விடை கிடையாது. உலாவியிலும் ஜாவாஸ்கிரிப்ட் இவ்வாறு நிற்பதுண்டு; ஆனால் அங்கு உறைவது ஒருவரது பக்கமே. சேவையகத்தில் உறைவதோ எல்லாரது பக்கமும். கணிப்பு வேலையைத் தனி இழைக்கு அனுப்பும் வசதி 2018 இல் நோட்டிற் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதன் தேவையை உணர்வதற்கு, ஒற்றை இழையின் இயல்பை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

நோட்டின் சிறப்பை மறுத்தல் எம் கருத்தன்று. பேபால் நிறுவனம் 2013 இல் தன் பக்கமொன்றை ஜாவா மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் தனித்தனியே ஆக்கி ஒப்பிட்டது. பின்னது குறைந்த ஆட்களால் ஏறக்குறைய இருமடங்கு விரைவில் முடிக்கப்பட்டது என்றும், விடையளிக்கும் சராசரி நேரம் 35 வீதம் குறைந்தது என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. இது பெரிதும் எடுத்துக்காட்டப்படும் சான்று. ஆனால் இது ஒரு நிறுவனம் தன் பழைய அமைப்பொன்றைத் தன் புதிய அமைப்பொன்றோடு ஒப்பிட்ட முடிபு. எவ்விடத்துக்கும் பொருந்தும் விதியன்று. காத்திருத்தல் மிக்க தொழிலில் நோட் வென்றது என்பதே இதனாற் பெறப்படும்.

களத்தின் இரண்டாவது இயல்பு பிழையின் பயன் பற்றியது. பீ.எச்.பி. என்னும் மொழியும் 1995 இல் வெளிவந்ததே. அதன் வழக்கமான அமைப்பில், ஒருவர் விடுத்த கோரிக்கைக்கு இயங்கிய நிரல் விடையளித்தவுடன் முடிந்துவிடும். அதில் நேர்ந்த பிழை அக்கோரிக்கையோடு ஒழியும். நோட்டில் அவ்வாறன்று. எல்லாக் கோரிக்கைகளையும் ஏற்கும் நிரல் ஒன்றே; அது நாட்கணக்காக ஓடிக்கொண்டிருப்பது. பிற்காலத்தில் நிகழவுள்ள செயலொன்று தவறுமாயின், அத்தவறு எவராலும் ஏற்கப்படாவிடின், முற்காலத்தில் நோட் ஓர் எச்சரிக்கை மட்டும் விடுத்தது. 2020 ஆம் ஆண்டு வெளிவந்த 15 ஆம் பதிப்புத் தொடக்கம், அத்தகைய தவறு நிரல் முழுவதையும் நிறுத்திவிடும். ஒருவரது கோரிக்கையில் எழுந்த ஏற்கப்படாத பிழை, அனைவர்க்கும் கதவை அடைத்துவிடுகின்றது. பெருவழக்கிலுள்ள எக்ஸ்பிரஸ் என்னும் சட்டகத்தின் 4 ஆம் பதிப்பு இத்தகைய பிழைகளைத் தானாக ஏற்பதில்லை. 2024 இல் வந்த 5 ஆம் பதிப்பே ஏற்கின்றது. பழைய பாடத்தைப் பார்த்தெழுதும் மாணவர், தம் நிரல் ஏன் விழுந்தது என அறியாது திகைப்பதற்குக் காரணம் இதுவே. அவர் மொழியிலே தவறவில்லை, களத்திலே தவறினார்.

மூன்றாவது இயல்பு நம்பிக்கை பற்றியது. உலாவியில் ஓடும் நிரல் காவலுள் வைக்கப்பட்டது. காண்போரது கோப்புகளைத் தன் விருப்பப்படி திறக்க அதனால் இயலாது. நோட்டில் ஓடும் நிரலோ, அதனை இயக்கியவர்க்குள்ள உரிமை அனைத்தையும் உடையது. கல்லூரி ஒன்றன் புள்ளிப் பதிவேட்டை வலைத்தளமாக்க முயலும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். புள்ளி 0 முதல் 100 வரை இருத்தல்வேண்டும் என்னும் சோதனையை அவர் முன்புறத்தில் அமைக்கின்றார். உலாவி வழியாக வருவோரை அது தடுக்கும். ஆனால் உலாவியே இன்றிச் சேவையகத்துக்கு நேரே கோரிக்கை விடுத்தல் எவர்க்கும் எளிது. அவ்வழி வந்தவர் 900 என எழுதினும் சேவையகம் ஏற்றுக்கொள்ளும். பிறிதொரு மாணவரது சுட்டெண்ணை முகவரியில் இட்டால் அவரது புள்ளிகளும் வெளிப்படும். பெயர் எழுதவேண்டிய இடத்தில் வந்த சொற்களை அவ்வாறே தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டிவிடின், வந்தவரே கட்டளை இடுவோர் ஆகிவிடுவர். இவை யாவும் ஒரே மொழியில் எழுதப்பட்டமையால், எல்லை எங்கே உள்ளது என்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. இரு மொழிகள் இருந்த காலத்தில் அவ்வேறுபாடே எல்லையை நினைவூட்டிற்று. ஒரு மொழி என்னும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இது.

நான்காவதாக, பிறர் நிரலைக் கடன்பெறும் வழக்கத்தை ஆராய்வோம். 2010 இல் தோன்றிய என்.பி.எம். என்னும் பொதிக் களஞ்சியம் நோட்டின் வளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தது. ஒரு வரிக் கட்டளையாற் பிறர் எழுதிய பொதியைப் பெறலாம். அப்பொதி வேண்டும் பொதிகளும், அவை வேண்டுவனவும் தொடர்ந்து வந்து சேரும். 2016 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22 ஆம் நாள், லெவ்ற்-பாட் என்னும் பொதியை அதன் ஆசிரியர் களஞ்சியத்தினின்றும் நீக்கினார். எழுத்துத் தொடரொன்றின் இடப்புறத்தை வெற்றிடத்தால் நிரப்பும் 11 வரிகளே அதில் இருந்தன. அதனைத் தாம் பயன்படுத்துவதையே அறியாத பலரது நிரல்கள் உலகெங்கும் கட்டியெழுப்ப இயலாது நின்றன. அடுத்த ஆண்டே அத்தொழிலைச் செய்யும் வசதி மொழியின் தரநூலிற் சேர்க்கப்பட்டது. 2018 இல், ஈவென்ற்-ஸ்ற்றீம் என்னும் பொதியைப் பராமரிக்கத் துணைவந்த ஒருவர், பிற்கொயின் பணப்பைகளைக் களவாடும் நிரலை அதன் வழியே புகுத்தினார். 2025 செப்ரெம்பரில், பராமரிப்பாளர் ஒருவரை வஞ்சமடலால் ஏமாற்றி, சோக், டிபக் முதலிய பெருவழக்கான பொதிகளுள் தீய நிரல் சேர்க்கப்பட்டது. கடன்பெறுதல் குற்றமன்று, எவரிடம், எதற்காக, எவ்வளவு பெற்றோம் என அறியாமையே குற்றம்.

இக்குறைகளைப் பிறரினும் தெளிவாக எடுத்துரைத்தவர் நோட்டை ஆக்கியவரே என்பது இத்துறையின் பெருமை. 2018 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், முன்னர் நோட்டை அறிமுகம் செய்த அதே பேர்லின் நகரில், றயன் டால் தாம் வருந்தும் செய்திகளை எடுத்துக் கூறினார். 2009 யூனிற் சேர்த்த வாக்குறுதி என்னும் அமைப்பை 2010 பெப்ரவரியில் நீக்கியமை அவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் வரும் பயனைக் குறிக்கும் பொருளே வாக்குறுதி எனப்படும். அதனை நீக்கியதனால், மீளழைப்புகள் ஒன்றனுள் ஒன்றாகப் புதைந்து கிடக்கும் நிரல்களை ஒரு தலைமுறை எழுதவேண்டியதாயிற்று. 2015 இல் வாக்குறுதியும், 2017 இல் அதனை எளிய நடையில் எழுதும் முறையும் மொழியின் தரநூலில் இடம்பெற்றன. நிரலுக்குக் கட்டற்ற உரிமை அளித்தமையும் டால் வருந்தியவற்றுள் ஒன்று. அவர் அன்று அறிமுகம் செய்த டெனோ என்னும் புதிய தளம், கேட்டுப் பெற்றாலன்றிக் கோப்பையோ வலைப்பின்னலையோ தொட இயலாதவாறு அமைந்தது. நோட்டும் 2023 இல் வந்த 20 ஆம் பதிப்பில் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் வசதியைச் சோதனை முறையிற் சேர்த்தது. தாம் ஆக்கியதைத் தாமே பழித்துரைக்கும் ஆண்மை அரிது. ஆனால் அவர் உரைத்த குறைகளைத் தொடக்கப் பாடங்களிற் காண்டல் அதனினும் அரிது.

இனித் தொடக்கப் பாடங்களின் முறையை மதிப்பிடுவோம். பெரும்பாலானவை ஒரே வழியிற் செல்கின்றன. நோட்டை நிறுவுக, என்.பி.எம். கட்டளையை எழுதுக, எக்ஸ்பிரஸ் சட்டகத்தைப் பெறுக, சில வரிகளைப் பார்த்தெழுதுக, 3000 என்னும் துறையிற் பக்கம் தோன்றும். மாணவர் மகிழ்வர். இம்முறையை ஆதரிப்போர் கூறும் நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. விரைவில் ஒரு பயனைக் கண்டாலன்றித் தொடக்க மாணவர்க்கு ஊக்கம் பிறவாது என்பர். தொழில் நிலையங்களில் வழங்குவது சட்டகமே என்பர். இரண்டும் மெய்யே. ஆனால் எக்ஸ்பிரஸ் இன்றியே, நோட்டினுள் அமைந்த எச்.ரி.ரி.பி. பகுதியைக் கொண்டு பத்து வரிகளுக்குள் அதே பக்கத்தைத் தோற்றுவிக்கலாம். மகிழ்ச்சி குறையாது, அறிவோ மிகும். கோரிக்கை என்பது ஒரு வினைச்சொல்லும், ஒரு முகவரியும், சில தலைப்புகளும் கொண்ட வெறும் எழுத்து வடிவம் என்பது அப்பத்து வரிகளிற் கண்கூடாகும். விடையும் அத்தகையதே, கிடைத்தது எனின் 200, இல்லை எனின் 404. சட்டகம் இவற்றை மறைத்து உதவுகின்றது. மறைக்கப்பட்டது யாது என்பதை அறிந்தவர்க்கு அது உதவி. அறியாதவர்க்கு அது திரை. சட்டகங்கள் மாறுந்தோறும், திரையையே கற்றவர் மீளவும் தொடக்கத்திலிருந்து கற்கவேண்டி நேரும்.

தொல்காப்பியனார் எழுத்து, சொல், பொருள் என்னும் முறையில் நூலை வகுத்தார். எழுத்தறியாதார்க்குப் பொருளதிகாரம் உரைத்தல் வீண். இத்துறைக்கும் அத்தகைய படிமுறை ஒன்று வேண்டும். சட்டகமும் பொதியும் இன்றி, கோரிக்கையும் விடையும் மட்டும் கொண்ட சேவையகம் ஒன்றை எழுதுதல் முதற்படி. அதே சேவையகத்திற் பெருங்கோப்பொன்றைக் காத்திருக்கும் முறையிலும் காத்திராத முறையிலும் படித்து, இரு உலாவிச் சாளரங்களைத் திறந்துவைத்து, ஒன்று மற்றொன்றை நிறுத்துவதைக் கண்டுணர்தல் இரண்டாம் படி. வேண்டுமென்றே ஒரு பிழையை இட்டு, நிரல் எவ்வாறு விழுகின்றது, எங்கே ஏற்றுக்கொண்டால் விழாது எனச் சோதித்தல் மூன்றாம் படி. வருவன எவற்றையும் நம்பாது அளவும் வகையும் உரிமையும் சோதித்து, தரவுத்தளக் கட்டளையையும் வந்த சொல்லையும் வேறாக வைத்து அனுப்பப் பழகுதல் நான்காம் படி. இந்நான்கும் கைவந்தபின் எக்ஸ்பிரஸ் முதலிய சட்டகங்களை எடுத்துக்கொள்ளலாம். அப்பொழுது ஒவ்வொரு வரியும் எதனைச் சுருக்கிற்று என்பது விளங்கும்.

இப்படிமுறை முன்னரினும் இன்று எளிது. பிற தளங்களிலிருந்து செய்தி பெறும் கருவியும் நிரலைச் சோதிக்கும் கருவியும் 2022 இல் வந்த 18 ஆம் பதிப்புத் தொடக்கம் நோட்டினுள்ளேயே உள்ளன. கடவுச்சொல் முதலியவற்றை நிரலுக்கு வெளியே தனிக்கோப்பில் வைத்துப் படிக்கும் வசதி 2023 இற் சேர்ந்தது. முன்பு பொதிகளாகக் கடன்பெறவேண்டியிருந்தவை இவை. பழைய பாடங்கள் இன்றும் அப்பொதிகளையே நிறுவுமாறு பணிக்கின்றன. ஆதலின் பாடத்தின் ஆண்டை நோக்குதலும், நோட்டின் அதிகாரபூர்வமான கையேட்டோடு அதனை ஒப்பிடுதலும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கடமையாகும். பொதியொன்று வேண்டப்படுமிடத்து, அது வேறெத்தனை பொதிகளை இழுத்து வருகின்றது என எண்ணிப் பார்த்தலும், பெற்ற பதிப்புகளைப் பூட்டிவைக்கும் கோப்பை நிரலோடு சேர்த்துப் பேணுதலும் நன்று.

நான்கு படிகளையும் ஏறுதல் காலத்தைப் போக்குமே எனச் சிலர் கூறலாம். காலம் செல்லும் என்பது உண்மை. வீணாகச் செல்லும் என்பது உண்மையன்று. உலாவியில் எழுதிய நிரல் பிழைத்தால் காண்போர் பக்கத்தை மூடிவிட்டுப் போவர். சேவையகத்தில் எழுதிய நிரல் பிழைத்தால், தம் பெயரையும் புள்ளியையும் நோயையும் பணத்தையும் நம்பி ஒப்படைத்தோர் கேடுறுவர். அவர்கள் நிரலாளரைக் கண்டவருமல்லர். அவர் எம்முறையிற் கற்றார் எனக் கேட்டவருமல்லர். மொழி எளிதாயிற்று என்பதனாற் பொறுப்பு எளிதாகிவிடவில்லை. சேவையகத்தில் ஜாவாஸ்கிரிப்ட் தொடங்குவோர் முதலிற் கற்கவேண்டியவை, காத்திருத்தலின் இயல்பும், பிழையின் பயனும், நம்பிக்கையின் எல்லையும், கடனின் அளவுமே. இவற்றை அறிந்தவர்க்கு எச்சட்டகமும் கருவியாகும். அறியாதவர்க்கு எச்சட்டகமும் அரணாகாது என்பதே எமது துணிபு.